கோயில்தம்பியின் பாடு

இன்று காலையிலிருந்து கரையில் வேலம்பட்டை வேகிறது. என் பெரிய மகனும் அவன் சோட்டுப் பிள்ளைகளும் புது வலையைச் சாயத்தில் முக்குவதற்காக மிடாப் பானையை அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் துவர்ப்பு வாசனை கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். துணியில் ஏறிக்கொள்ளும், குடிக்கிற தண்ணீரில்கூட இறங்கிவிடும். வருஷா வருஷம் வருகிற வாசனைதான். அது வரும்போதெல்லாம் என் கை வேலையை விட்டு நின்றுவிடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கண்ணில் புகை பட்டுவிட்டது என்றுதான் சொல்வேன்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்ததே இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான்.

‘நீ’ என்று எழுதுகிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. நீ இங்கே இருந்தவரை உன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாங்க, போங்க, சாப்பிடுங்க என்றுதான் பேசினேன், அதுவும் முகத்தைப் பார்க்காமல். இப்போது என் பெரிய மகனுக்கே அன்றைய உன் வயது வந்துவிட்டது. எனக்கு முடி நரைக்கிறது, நீயானால் அதே இருபத்துச் சொச்சத்தில் நிற்கிறாய். மகன் வயதுப் பிள்ளையை நீங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழைக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து ஓர் உபதேசியார் வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் சபையாரை உட்காரச் சொல்லி உன்னைப் பற்றிச் சொன்னார். ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கோயிலில் ஊழியம் பார்த்த பிள்ளை ஜாவாவில் இருக்கிற பத்தாவியாவில் காய்ச்சலில் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன், அது நடந்து பல வருஷம் ஆகிறதாம் என்றார். சுற்றிலும் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பல வருஷம் என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பல வருஷமும் நான் உன்னை உயிரோடு வைத்துக்கொண்டு, அங்கே இப்போது என்ன மழையோ என்ன சாப்பாடோ என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. செத்தவனைப் பற்றி அப்படி நினைத்ததெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல்தான் உன்னிடமே எழுத உட்கார்ந்தேன். எழுத்து இந்தக் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தது, கோணலாகத்தான் இருக்கும்.

நீ வந்த காலத்தில் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, பிறகு ஊரை மறுபடி உங்கள் ஆட்களிடமே கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊருக்குக் கோட்டைக்குப்பம் என்று பெயர் இருந்தது, கோட்டைதான் இல்லை. மிச்சமிருந்த ஒல்லாந்துக் குடும்பங்கள் இடிந்த கல்லைப் பொறுக்கிச் சுவர் வைத்துக்கொண்டு குடியிருந்தன. பாதிரியார் வீட்டிலும் மழைக்கு ஒழுகாத அறை ஒன்றே ஒன்று. நீயோ சம்பளத்துக்கு வந்தவன் இல்லை. சோறும் படுக்க இடமும் போதும், கோயில் வேலை என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று உங்கள் ஊர்ச் சபையில் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவன். அப்படிப்பட்ட ஆளை எங்கே படுக்கவைப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

கரையில் இறங்கி, மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, குப்பத்து வழியாக நடந்து வந்தாய். அம்மாவும் நானும் வாசலில் பட்டை வேகவைத்துக்கொண்டிருந்தோம். நீ நின்றாய். பெட்டியை இறக்கி வைத்தாய். எங்களைப் பார்க்கக்கூட இல்லை, நேராக மிடாவுக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்தாய். நிமிர்ந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“இன்னா தம்பி, புகை அடிச்சிடுச்சா? இந்தா, தண்ணி குடி” என்று அம்மா சொம்பை நீட்டினாள்.

உனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சொம்பு விளங்கியது.

பேச்சு வந்த பிறகுதான் காரணம் சொன்னாய். உங்கள் வீடும் கடலோரம். உங்கள் வாசலிலும் ஏதோ ஒரு மரத்துப் பட்டையை வேகவைத்துத்தான் வலைக்கும் பாய்க்கும் சாயம் ஏற்றுவார்களாம். உன் நைனாவும் அண்ணனும் ஒரே படகில் போய்த் திரும்பாதவர்கள். அதற்குப் பிறகு உங்கள் அம்மா, மிச்சமிருக்கிற இந்தப் பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறேன், கடலுக்கு அனுப்பமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாளாம். கடலுக்கு அனுப்பாமல் இருக்கிறதற்காகப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறாளே என்று எங்கள் அம்மா அங்கலாய்த்தாள். நீ சிரித்தாய்.

அன்றே வலை போட்டுவைக்கிற சாய்ப்பை ஒழித்துக் கொடுத்தோம். பாதிரியாருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. கோயிலிலிருந்து வாரத்துக்கு அரிசி அளந்து கொடுத்தார்கள். அதை நீயே கல் அடுக்கிப் பொங்குகிறேன் என்று உட்கார்ந்தாய். முதல் நாள் குழைந்தது, மறுநாள் தீய்ந்தது. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, உன் அரிசியை எடுத்து எங்கள் பானையில் கொட்டினாள்.

“ஒரு வூட்ல ரெண்டு அடுப்பு இன்னாத்துக்கு? ஒரே உலையில போடு.”

அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

உன் பெயர் எங்கள் நாக்கில் நிற்கவில்லை. குப்பமே உன்னைக் கோயில்தம்பி என்றது. விடியும் முன் எழுந்து போய் மணி அடிப்பாய். வௌவால் எச்சத்தைச் சுரண்டிக் கழுவுவாய். பெஞ்சுகளைத் துடைப்பாய். பிள்ளைகள் வந்ததும் சங்கீதம் சொல்லிக்கொடுப்பாய். உனக்குக் குரல் வாய்க்கவில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் உன் தாளத்தை விட்டுவிட்டுத் தங்கள் தாளத்தில் பாடினார்கள், அதுதான் கேட்க நன்றாக இருந்தது. வெயில் ஏறியதும் நோயாளிகள் வீடு. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பசியாவரத்துக்குப் பரிசலில்கூடப் போவாய். படுத்துக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, “நல்லா கீறீங்களா?” என்று கேட்பாய். நல்லா இருந்தா நான் ஏம்பா படுத்துங்கீறேன் என்று ஒரு கிழவர் உன்னிடம் சண்டைக்கு வந்ததும், நீ அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அதே கேள்வியை மறுபடி கேட்டதும் ஊரெல்லாம் பேசிச் சிரித்த கதை. ஆனால் அந்தக் கிழவர் சாகும்வரை உன்னைத்தான் தேடினார்.

உன் துணியை நீயே துவைத்தாய், கேவலமாகத் துவைத்தாய். நண்டை ஓட்டோடு வாயில் போட்டுக் கடித்தாய். மார்கழிக் குளிரில் நாங்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, நீ சட்டையில்லாமல் திரிந்தாய். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஏரி கல்லாகிவிடும், அதன்மேல் நடந்து அக்கரை போவோம் என்றாய். நீ அந்தண்டை போனதும் அம்மா, “பொய் சொன்னாலும் அழகாச் சொல்லுது புள்ள” என்றாள். நான் நம்பினேன். நீ சொன்னதாலேயே நம்பினேன்.

நாங்கள் பெண்கள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றில் கையைத் துழாவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலைக்கூடை வேண்டும், கை இரண்டும் வேலையில் இருக்கும், அதனால் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். நீயும் வருவேன் என்று இறங்கினாய். கூடையைக் கடித்துக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தாய். கூடை போயிற்று, அதிலிருந்த நாலு இறாலும் போயிற்று. நான் சிரித்த சிரிப்பில் என் கூடையும் போயிற்று. இரண்டு பேரும் வெறுங்கையோடு கரையேறியபோது அம்மா பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உன்னோடு இறால் பிடிக்க என்னை அனுப்பவில்லை.

அண்ணன் உஷாரான ஆள். நீ வந்த முதல் வாரமே என்னைத் தங்கச்சி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்துவிட்டான். நீயும் அது என் பெயர் என்று நினைத்துக்கொண்டாயோ என்னவோ, வாய் நிறையக் கூப்பிட்டாய். தங்கச்சி, தண்ணி. தங்கச்சி, உப்பு. எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு உன்மேல் ஆசை இருந்தது. இதை எழுதுவதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று, எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரர் பசியாவரத்திலிருந்து வந்து எங்கள் வீட்டோடு தங்கிவிட்டவர், தங்கமான மனுஷர், அவருக்கும் இது அரசல்புரசலாகத் தெரியும். ஆசை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நீ மணி அடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அந்த நாள் நன்றாகத் தொடங்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவைப் பற்றிக் கேட்டாய். புருஷன் இல்லை, மூன்றும் சின்னப் பிள்ளைகள். எல்லோர் வீட்டிலும் வலை இறால் வருகிறதே, அவர்கள் வீட்டில் மட்டும் ஏன் வரவில்லை என்றாய். அண்ணன்தான் பாடு முறையை விளக்கினான். ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் கழி நட்டு வலை கட்டுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடி, ஊர்த் தலைவரான நாட்டார் ஒவ்வோர் ஆம்பிளையின் பெயரையும் கூப்பிட, பதில் சொன்னவர்களின் பெயர் எழுதிய ஓலை நறுக்கைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எடுத்த வரிசையில் ஆளுக்கொரு நாள், அதுதான் அவன் பாடு. அன்றைக்கு அந்த இடத்தில் வேறு யாரும் வலை வைக்கமாட்டார்கள். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு நறுக்கு இல்லை, பாடும் இல்லை.

“பசி இருக்கும், பாடு இல்ல?” என்று கேட்டாய். அது வழக்கம் என்றான் அண்ணன். நீ அன்று உன் சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனாய், அம்மா உன்னைத் திட்டிவிட்டு உனக்கு மறுபடி சோறு போட்டாள்.

மறு மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மழை நின்று, முகத்துவாரம் திறந்து, இறால் கூட்டம் கூட்டமாக இறங்குகிற நாட்கள். அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு பாடு விழுந்திருந்தது. அதில் கிடைக்கிறதைக் காயவைத்து விற்றுத்தான் அடுத்த மழைவரை அரிசி. எங்கள் நைனா ஏற்கெனவே இறந்துவிட்டார், வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை. பாடு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை அண்ணன் எழுந்து நின்று பார்த்தான், நின்ற வேகத்தில் விழுந்தான். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

நாட்டார் வந்து வாசலில் நின்றார். கூலிக்கு ஆள் வைத்துப் பாடு எடுக்க முறை கிடையாது. வீட்டு ஆள் போகாவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அவருக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் ஒருவருக்காக முறையை வளைத்தால் நாளைக்கு ஊர் நிற்காது. திரும்பப் போகிறவர் சாய்ப்பில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்து நின்றார்.

“இவுரு யாரு உலையில சோறு துன்றாரு?”

“எங்க உலையிலதான்” என்றாள் அம்மா.

“அப்ப இவுரும் உங்க வூட்டு ஆளுதான். எங்க முறையில அதான் கணக்கு.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கையால் எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது உங்கள் சபையில் எவ்வளவு கண்டிப்பு என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வேதம் வாசிக்கிற முறையும் உன்னுடையது. உங்கள் அம்மாவின் வேண்டுதல் வேறு இருக்கிறது. நீ எழுந்து போய் அரிசிப்பானையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

“இது ஏரி. எங்க அம்மா கடல்னுதான் சொன்னாங்க” என்றாய்.

காய்ச்சலிலும் அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல்தடவையாக உன் முகத்தைப் பார்த்துப் பேசினேன். கோயில் என்ன ஆவது என்று கேட்டேன்.

“மணி அடிச்சிட்டுப் போறேன், தங்கச்சி.”

அப்படியே செய்தாய். அன்று மணி வழக்கத்தைவிட முந்தி அடித்தது. பாதிரியார் வந்து பார்த்தபோது கோயில் பெருக்கியிருந்தது, பெஞ்சு துடைத்திருந்தது, வேதப்புத்தகம் அன்று வாசிக்க வேண்டிய பக்கத்தில் விரித்து வைத்திருந்தது. வாசிக்க ஆள் இல்லை. நீ அப்போது அண்ணனின் கூட்டாளிகளோடு முகத்துவாரத்தில் கழுத்தளவு தண்ணீரில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் நைனா சொல்லிக்கொடுத்த முடிச்சைத்தான் வலையில் போட்டாயாம், நம் முடிச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அவர்கள் சொன்னார்கள். வலை நிறைந்தது. சபையார் கோயிலை விட்டு வெளியே வருகிற நேரத்துக்கு, இடுப்பில் ஈரத்துணியோடு, தலையில் இறால் கூடையோடு நீ அந்த வழியாக வந்தாய். வேறு வழியில் சுற்றிப் போயிருக்கலாம். உனக்கு ஒளியத் தெரியவில்லை.

பாதிரியார் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது ஒரே ஒரு காரியம். அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று, நான் செய்தது தப்பு, வருத்தப்படுகிறேன் என்று சொல்லிவிடு, எல்லாம் முன்போல இருக்கும் என்றார். சொன்னால் நீ இருக்கலாம். சொல்லாவிட்டால் பத்தாவியாவுக்குப் போகிற அடுத்த கப்பலில் ஏற வேண்டும். அந்த வாரம் முழுவதும் நான் இறாலைக் காயப்போட்டுக்கொண்டே வேண்டிக்கொண்டேன். சொல்லிவிடு, சொல்லிவிடு, ஒரு வார்த்தைதானே, வாய்ச்சொல்தானே.

ஞாயிறு வந்தது. நீ எழுந்து நின்றாய். உங்கள் பாஷையில் சொல்வாய் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எங்களுக்கும் விளங்கட்டும் என்று நினைத்தாயோ, தமிழில் பேசினாய்.

“கோயில்ல ஆள் இல்லாம விட்டதுக்கு வருத்தப்படறேன். வலைக்குப் போனதுக்கு வருத்தம் இல்ல. இருக்குன்னு சொன்னா அது பொய்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாய். உன்மேல் எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் உண்டு. ஊரில் எவ்வளவு பொய் சொல்கிறார்கள், மழை வரும் என்கிறார்கள், மீன் புதுசு என்கிறார்கள், நாளைக்கு வருகிறேன் என்கிறார்கள். உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நீ நீயாக இருந்திருக்கமாட்டாய் என்று அண்ணன் சமாதானம் சொல்லுவான். நீயாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே இருந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றும்.

கப்பல் வருவதற்குள் ஊர்க்கூட்டம் வந்தது. வலை காயப்போடுகிற மணலில் நாட்டார் குடத்தை வைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டார். ஒருமுறை பாடு எடுத்தவனை ஊர்க் கணக்கில் தனி ஆளாக எடுத்துக்கொள்வது முறை என்பதால் உனக்கும் ஒரு நறுக்கு எழுதியிருந்தார். கோயில்தம்பி என்று கூப்பிட்டதும் நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று, “இருக்கேன்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ உட்காரவில்லை. என் பாட்டை ஆம்பிளை இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள், இந்த வருஷம் கன்னியம்மா வீட்டுக்கு, அப்புறம் எந்த வீட்டில் ஆள் இல்லையோ அந்த வீட்டுக்கு என்றாய். அவர்களுக்காக எங்கள் அண்ணன் வலை கட்டுவான் என்றாய். நாட்டார் யோசித்தார். அவரவர் பாட்டை யாருக்குக் கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம், அதில் தடை இல்லை. ஆனால் வருஷா வருஷம் கூப்பிடும்போது பதில் வர வேண்டும், மூன்று தடவை கூப்பிட்டுப் பதில் வராத பெயரை எடுத்துவிடுவோம் என்றார். ஊரை விட்டுப் போனவனுக்கு வீட்டு ஆள் பதில் சொல்லலாம், செத்தவனுக்கு யாரும் சொல்ல முடியாது. அண்ணன் எழுந்து, எங்கள் வீட்டு ஆள், நான் சொல்கிறேன் என்றான்.

நீ கிளம்புகிற அன்று நான் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் படகுக்கு அனுப்பிவிட்டு வந்து என் எதிரில் குந்தினாய்.

“சாராள்” என்றாய்.

தங்கச்சி என்று சொல்லவில்லை. என் பெயர் உனக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“என்னைக் கூப்பிட்டா, இருக்கேன்னு சொல்லுங்க.”

என் கையெல்லாம் இறால் கவிச்சி. ம் என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன், அம்மா உள்ளே இருந்தாள். நீ எழுந்து போனாய். அலை தாண்டிக் கப்பலுக்குப் போகிற படகில் நீ பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததாக அண்ணன் வந்து சொன்னான். நான் கரைக்கு வரவில்லை.

கொஞ்ச காலத்தில் உங்கள் ஆட்களும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், ஊர் மறுபடி இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று. மணி அடிக்க வேறு ஆள் வந்தான். கன்னியம்மாவின் பிள்ளைகள் வளர்ந்து அவர்களே பாடு எடுத்தார்கள். உன் பாடு வேறு வீட்டுக்குப் போயிற்று, பிறகு இன்னொரு வீட்டுக்கு. வருஷா வருஷம் நாட்டார் கோயில்தம்பி என்பார், அண்ணன் இருக்காரு என்பான். உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூடக் கோயில்தம்பி பாடு இந்த வருஷம் யாருக்கு என்று கேட்டுக்கொண்டு திரிவார்கள். அந்த ஒரு நாள் ஊர் உன் பெயரைச் சத்தமாகச் சொல்லும். நான் சற்றுத் தள்ளி வலைக்குவியல் பக்கம் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். அது எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

இந்த வருஷக் கூட்டம் போன வாரம் நடந்தது. உபதேசியார் கொண்டுவந்த சேதி அதற்குள் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. உன் பாடு இந்தத் தடவை தேசம்மாவுக்குப் போக வேண்டும். போன மழையில் அவள் புருஷனின் படகு திரும்பவில்லை, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அண்ணன் இப்போது சபை மூப்பர். முந்தின நாளே வந்து உட்கார்ந்துகொண்டு, “செத்தவன இருக்கான்னு எப்பிடி சொல்றது சாரா? அவனே சொல்லமாட்டானே” என்றான். நியாயம்தான். உன்னைப் போலவே அவனும் ஆகிவிட்டான், வேறென்ன சொல்ல.

பழைய நாட்டாரின் மகன்தான் இப்போது நாட்டார். பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் உன் நறுக்கைக் கையில் எடுத்துச் சற்று வைத்துக்கொண்டிருந்தார்.

“கோயில்தம்பி.”

அண்ணன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை கூப்பிட்டார். தேசம்மா என் பக்கத்தில்தான் நின்றாள், பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். மூன்றாம் தடவை கூப்பிட்டார்.

“இருக்காரு” என்றேன்.

அந்த மணலில் பெண் குரல் எழுந்து யாரும் கேட்டதில்லை. அத்தனை தலையும் திரும்பியது. என் வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

“எங்கம்மா இருக்காரு?” என்று நாட்டார் கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை.

“எங்க உலையில சோறு துன்றவரு. இருக்காரு.”

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலை நிமிரவில்லை, மறுக்கவும் இல்லை. கூட்டத்தில் இருந்த ஒருத்தரும் மறுக்கவில்லை. நாட்டார் உன் நறுக்கைக் குடத்தில் போட்டார். தேசம்மாவுக்கு நல்ல நாளாகத்தான் விழுந்திருக்கிறது. அவளுக்காகக் கட்டப்போகிற வலைக்குத்தான் இப்போது கரையில் சாயம் ஏற்றுகிறார்கள்.

நீ ஒரு வார்த்தை பொய் சொல்லமாட்டேன் என்று கப்பல் ஏறினாய். நான் ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். அது பொய்யாக நிற்கக் கூடாதே என்று, வீட்டுக்கு வந்ததும் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாளும் போட்டேன். இன்றைக்கும் போட்டிருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொதி வந்துவிட்டது, பொங்கி வழிவதற்குள் எழுந்து போக வேண்டும்.